பழனி வரை நடந்த கால் பள்ளிக்கூடத் திடலுக்கு வராதா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 46 வயது. பல்லடம் பக்கம் ஒரு கிராமம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். காலை 8.30க்கு மிஷினில் உட்கார்ந்தால் 5.30 வரை வேலை, சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடி ராத்திரி 8.30 ஆகிவிடும். போன மாதம் சர்க்கரை இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள், மூன்று மாதச் சராசரி 7.8. இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். எங்கே போய் நடப்பது? மெயின் ரோட்டில் லாரி, ஊருக்குள் நாய். ஷூ போட்டுக் கையை வீசி நடந்தால் சனம் ஒரு மாதிரி பார்க்கும். ஜிம்முக்குப் பணம் கட்ட வசதியில்லை. இத்தனைக்கும் இரண்டு வருடத்துக்கு முன்பு தைப்பூசத்துக்கு ஊர்ச்சனத்தோடு மூன்று நாள் பழனிக்கு நடந்தே போனவள் நான். இப்போது அரை மணி நேரம் நடக்க முடியவில்லை. மாமியாருக்கு 72 வயது, முழங்கால் வலியால் வாசலைத் தாண்டுவதில்லை. எங்களை மாதிரி ஆட்களுக்குச் செலவில்லாமல் ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்:

அம்மிணி, உங்கள் கடிதத்தில் பழனி நடையைப் பற்றி எழுதிய வரியை நான் இரண்டு தடவை படித்தேன். மூன்று நாள் வெயிலிலும் பனியிலும் நடந்த அதே கால்தான் இப்போதும் உங்களிடம் இருக்கிறது, அது எங்கும் போய்விடவில்லை. அன்றைக்கு எப்படி முடிந்தது என்று யோசித்துப் பாருங்கள். நாள் குறித்திருந்தது. கூட ஆள் இருந்தது. பாட்டு இருந்தது, வழிநெடுகத் தண்ணீரும் மோரும் கொடுக்க ஆள் இருந்தது. நீங்கள் உட்கார்ந்துவிட்டால் "எந்திரி, போலாம்" என்று கையைப் பிடித்துத் தூக்க ஒருத்தி இருந்தாள். இப்போது அதில் ஒன்றுமே இல்லாமல், தனியாக, விடியற்காலையில், லாரி ஓடும் ரோட்டில் நடக்கச் சொன்னால் யாருக்குத்தான் கால் வரும்? இருபது வருடத்துக்கு மேலாக பிசியோதெரபி பார்க்கிறேன், நடக்கச் சொல்லி அனுப்பியவர்களில் தனியாக ஆரம்பித்தவர்கள் முக்கால்வாசிப் பேர் ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டுத்தான் திரும்பி வந்திருக்கிறார்கள். அதனால் முதலில் ஆளைத் தேடுங்கள், இடத்தை அப்புறம் பார்க்கலாம்.

ஆள் எங்கே கிடைக்கும்? மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறீர்களா? பெரும்பாலும் இருப்பீர்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் யாராவது இருப்பார்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்தவுடன் கேளுங்கள், "எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது, தினமும் நடக்க வேண்டும், யார் வருகிறீர்கள்?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நாற்பது வயதைத் தாண்டிய பத்துப் பெண்கள் இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று பேராவது பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை போட்டுக்கொண்டு வெளியே சொல்லாமல்தான் இருப்பார்கள். நீங்கள் வாயைத் திறந்தால் அவர்களும் திறப்பார்கள். மூன்று பேர் சேர்ந்துவிட்டால் சனம் ஒரு மாதிரி பார்ப்பதும் பாதி குறைந்துவிடும். மீதிப் பாதி ஒரு வாரத்தில் பழகிவிடும். சுடிதார்தான் போட வேண்டும் என்று ஒன்றுமில்லை, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு நடங்கள், செருப்பு மட்டும் பின்வார் வைத்ததாக, காலை விட்டுக் கழலாததாக இருக்கட்டும்.

இடத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கூடத்துத் திடல் காலை ஆறிலிருந்து ஏழு வரை சும்மாதான் கிடக்கும். தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களிடமும் நான்கு பேராகப் போய்க் கேளுங்கள், ஒருத்தியாகப் போனால் யோசிப்பார்கள், நான்கு பேர் போய் நின்றால் பெரும்பாலும் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். சுற்றுச்சுவர் இருந்தால் நாய்த் தொல்லையும் இல்லை, லாரியும் இல்லை. திடல் இல்லாத ஊரில் கோயிலைச் சுற்றி நடக்கலாம். உங்கள் பக்கம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரை இருக்குமே, அதில் நடக்கலாமா என்று கேட்பீர்கள். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, கும்பலாக, கையில் ஒரு குச்சியோடு போங்கள். இருட்டில் வேண்டாம், பாம்பு கிடக்கும். நாய் கடித்துவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அது இலவசம்.

சரி, ஒன்றரை ஷிப்ட் ஓடும் மாதங்களில் காலை ஆறு மணிக்கு எழுந்து சமைப்பதா, நடப்பதா? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் ஓரளவு மூச்சு வாங்கும் நடை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. முன்பெல்லாம் ஒரே மூச்சில் 10 நிமிடமாவது நடந்தால்தான் கணக்கில் சேரும் என்றிருந்தது, 2020இல் வந்த வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் நடந்தாலும் சேரும். உங்களுக்கு இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது இன்சுலினை எதிர்பார்க்காமல் தானாகவே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டு ரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரத்தில் நடந்தால் அந்த ஏற்றம் தணிந்துவிடும். அதனால் மதியம் சோறு தின்றவுடன் மிஷினுக்கு அடியில் துணியை விரித்துச் சாய்கிறீர்களே, அதற்கு முன்னால் கம்பெனி காம்பவுண்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு வாசலில் பதினைந்து நிமிடம். காலையில் வேன் ஏறுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம். ஒரு நாளைக்கு 30 நிமிடம் வந்துவிட்டது. பீஸ் கட்டு மாற்றும்போது உட்கார்ந்தபடியே கை நீட்டாமல் எழுந்து போய் எடுங்கள், டீ நேரத்தில் உட்காராதீர்கள். ஒரு நாள் உடம்பை அசைத்ததன் பலன் ஒன்றிரண்டு நாள்தான் தங்கும், ஆகையால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் நடந்து வாரக் கணக்கைத் தீர்ப்பதைவிட தினமும் கொஞ்சம் நடப்பதுதான் சர்க்கரைக்கு நல்லது.

எவ்வளவு வேகம் என்று கேட்பார்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

பாட்டு என்றதும் நான் உங்களிடம் சொல்ல நினைத்த முக்கியமான விஷயத்துக்கு வந்துவிட்டேன். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ வள்ளி கும்மி பழக்குகிறார்களா என்று விசாரியுங்கள். நம் கொங்கு நாட்டில் கொஞ்ச வருடமாக ஊருக்கு ஊர் இது திரும்ப எழுந்து வந்துவிட்டது, நீங்களும் ஏதாவது கோயில் திருவிழாவில் ஒரே நிறச் சேலையில் நூறு இருநூறு பேர் வட்டம் கட்டி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆசிரியர் வள்ளி முருகன் கதையைப் பாட்டாகப் பாட, கூட்டம் அடியெடுத்து வைத்து, குனிந்து நிமிர்ந்து, கை தட்டிச் சுற்றி வரும். சாயங்காலமோ ராத்திரியோ கோயில் திடலில் இரண்டு மூன்று மாதம் பழக்கி, அப்புறம் அரங்கேற்றம் வைப்பார்கள். கோவை மாவட்டத்து எம். பத்ரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், அப்போது அவருக்கு 87 வயது. ஆண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

பிசியோதெரபிஸ்டாக இந்த ஆட்டத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. முதல் பாட்டு நிதானமாக ஆரம்பிக்கும், உடம்பு சூடாக நேரம் கொடுக்கும். போகப் போக வேகம் கூடும், ஆரம்பத்தில் கூடவே பாடிக்கொண்டிருந்த பெண்கள் நடுவில் மூச்சு வாங்கி வாயை மூடிக்கொள்வார்கள், நான் சொன்ன வேகம் வந்துவிட்டது என்று அர்த்தம். பக்கவாட்டில் அடி வைப்பது, திரும்புவது, ஒரு காலில் எடையை நிறுத்துவது எல்லாம் இருப்பதால், வெறும் நடையில் கிடைக்காத சமநிலைப் பயிற்சியும் சேர்ந்து கிடைக்கிறது. வயதான பிறகு கீழே விழாமல் இருக்க அதுதான் உதவும். அடுத்த அடி எது என்று ஞாபகம் வைத்தாக வேண்டும், மூளைக்கும் வேலை. எல்லாவற்றையும் விட, அரங்கேற்றத் தேதி என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒரு நாள் போகாவிட்டால் வட்டத்தில் ஓர் இடம் காலியாகத் தெரியும், மறுநாள் "நேத்து ஏன் வரலைங்க?" என்று கேட்பார்கள். பழனிக்குப் போனபோது உங்களுக்கு இருந்தது எல்லாம் இதில் இருக்கிறது பாருங்கள். இடுப்பு வலி இருந்தால் ஆழமாகக் குனிய வேண்டாம், முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் குனியுங்கள், ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திட்ட மாட்டார்கள். ஒன்றரை ஷிப்ட் நாளில் போக முடியாதுதான், 5.30க்கு விடும் நாட்களில் போனால் போதும்.

ஜிம்மைப் பற்றி. பணம் கட்ட வசதியில்லை என்கிறீர்கள், உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள், ஏனென்றால் 2016க்குப் பிறகு நிறைய ஊராட்சிகளில் அம்மா பூங்காவும் அம்மா உடற்பயிற்சிக் கூடமும் கட்டினார்கள், சில ஊரில் அது பூட்டிக் கிடக்கிறது, சனத்துக்கே மறந்துபோய்விட்டது. 2024இல் கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்று பந்து, வலை, சிலம்பக் கம்பு எல்லாம் வந்தது, அது எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். பூட்டிக் கிடந்தால் கிராம சபையில் எழுந்து பேசுங்கள். வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. திடலுக்கு ஒரு விளக்கு, பெண்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம், இவ்வளவுதான் கோரிக்கை. தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். குழுப் பெண்கள் பத்துப் பேர் கை தூக்கினால் யாரும் மறுக்க முடியாது.

கிடைக்கவே இல்லை என்றாலும் பரவாயில்லை, வீட்டிலேயே செய்யலாம். நடை மட்டும் போதாது, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். சுவரில் இரு கையையும் ஊன்றிச் சாய்ந்து பத்துத் தடவை தள்ளுங்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ, கைக்கு ஒன்றாகப் பிடித்துத் தூக்குங்கள். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகாது. உங்கள் பையனோ பொண்ணோ பிளஸ் ஒன் படித்தபோது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் வீட்டுப் பின்னால் துருப்பிடித்து நிற்கிறதா? டயருக்குக் காற்றடித்து எண்ணெய் போட்டு எடுங்கள். கடைக்கும் குழுக் கூட்டத்துக்கும் அதிலேயே போகலாம்.

மனவளக்கலை மன்றம் பக்கத்து ஊர்களில் எங்காவது இருக்கும். வேதாத்திரி மகரிஷியின் ஆழியாறு அறிவுத்திருக்கோயில் நம் பக்கத்திலேயே இருப்பதால் கொங்கு நாட்டுச் சின்ன ஊர்களில்கூட மன்றம் உண்டு. அவர்கள் சொல்லித்தரும் எளிய முறை உடற்பயிற்சி கை, கால், மூச்சு, கண் என்று வரிசையாகப் போகும், மெதுவானது, வயதானவர்களுக்கும் ஒத்துவரும். மூச்சு வாங்கும் நடைக்கு அது ஈடாகாது, ஆனால் தினமும் ஓரிடத்துக்குப் போய்வரும் பழக்கத்துக்கும் மனசுக்கும் நல்லது.

நகரத்தில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கோவையில் ரேஸ்கோர்ஸும் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளும், ஈரோட்டில் வ.உ.சி. பூங்காவும் இருக்கின்றன. நடப்போம் நலம் பெறுவோம் என்று 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதையும் அறிவித்தார்கள்.

பூங்காவுக்குப் போகிற சர்க்கரைக்காரர்களிடம் ஒரே ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்காதீர்கள். சர்க்கரையால் பாதத்து நரம்பு மரத்துப் போயிருந்தால் கல் குத்துவதே தெரியாது. என்னிடம் வந்த ஒரு பெரியவர் அப்படி நடந்து, உள்ளங்காலில் கொப்புளம் வந்து, அது உடைந்து புண்ணாகி, நாற்றம் அடித்த பிறகுதான் பார்த்தார். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. உடம்பு நன்றாக வேண்டும் என்று போன இடத்தில் நடந்தது அது, இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

உங்கள் மாமியாருக்கு. 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதோடு, நடமாட முடியாதவர்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கவும் இடம் இருக்கிறது. உங்கள் ஊருக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் பெண்ணிடமோ துணை சுகாதார நிலைய நர்ஸிடமோ மாமியார் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆட்டோவில் கூட்டிப்போக முடிந்தால் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ஒரு தடவை காட்டிவிட்டு வாருங்கள். அதுவரைக்கும் வீட்டில் இதைச் செய்யட்டும்: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து மெதுவாக இறக்க வேண்டும், காலுக்குப் பத்துத் தடவை, காலையும் சாயங்காலமும். குத்தவைத்து உட்காருவதை விட்டுவிடட்டும். கைத்தடி பிடிக்கிறார் என்றால் வலிக்கிற முழங்காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், வலது கால் வலித்தால் இடது கையில். பத்துப் பேரில் எட்டுப் பேர் இதை மாற்றிப் பிடிக்கிறார்கள். "வயசானா வலிக்கத்தான் செய்யும், சும்மா கெடக்கட்டும்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், சும்மா கிடந்தால் தொடைத் தசை கரைந்து வலி இன்னும் கூடும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நம் ஊரில் நடை முடிந்தால் பேக்கரியில் உட்காருவது ஒரு பழக்கம், சர்க்கரை போட்ட டீயும் ஒரு தேங்காய் பன்னும் உள்ளே போனால் நடந்தது வீணாகிவிடும். சர்க்கரை இல்லாத டீ குடியுங்கள், கூட்டத்தோடு உட்கார்ந்து பேசுங்கள், பேச்சை விட வேண்டாம். வீட்டில் கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயிறு கடைந்தது, கீரை எல்லாம் சமைக்கிறவர்தானே நீங்கள், சோற்றைக் குறைத்து அவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். களியும் கம்மங்கூழும் சர்க்கரைக்கு நல்லது என்று வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், அளவு தாண்டினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும்.

இரண்டு மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒன்று கிளிமிபிரைடு என்றால் வெறும் வயிற்றில் வேகமாக நடக்க வேண்டாம், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும். கை நடுங்கி, வேர்த்து, படபடவென்று வந்தால் உடனே உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள், முந்தானையில் எப்போதும் ஒரு பொட்டலம் முடிந்து வைத்திருங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினாலோ, தாடைக்கும் கைக்கும் வலி பரவினாலோ நிறுத்திவிட்டு 108க்குக் கூப்பிடுங்கள்.

வரும் தைக்குப் பழனிக்கு நடக்க ஆசை இருக்கும் உங்களுக்கு. போகலாம். ஆனால் மார்கழியிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, மூன்று மாதச் சராசரியையும் திரும்ப எடுத்துப் பாருங்கள். செருப்பில்லாமல் நடப்பதாக வேண்டுதல் இருந்தால் முருகனிடம் நேராகச் சொல்லிவிட்டு, தடித்த சாக்ஸும் மெத்தென்ற செருப்பும் போட்டுக்கொண்டு நடங்கள். ஒவ்வொரு ராத்திரியும் தங்கும் இடத்தில் கூட வரும் பெண்ணிடம் டார்ச் அடித்து உங்கள் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள், அவளுடையதை நீங்கள் பாருங்கள்.